வாயிற்காவலரும் பிரஜைகளின் சுதந்திரமும்

நம் நாட்டு நகரங்களில் சீருடையணிந்த காவற்காரர் இல்லாத வாயிலைக் காண்பது இப்பொழுது அரிதாகிவிட்டது. துணிக்கடை, நகைக்கடை, பாங்கி, வைத்தியசாலை, கலாசாலை, கம்பெனிக் காரியாலயம், அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிய எவ்விடத்தும், ஜனங்கள் ‘செக்யூரிட்டி’ என்றழைக்கும் ஒருவர் நிற்கின்றார். அவர் நில்லென்றால் நிற்கின்றோம். பையைத் திறவென்றால் திறக்கின்றோம். பெயரும் ஊரும் எழுதென்றால் எழுதுகின்றோம். ‘இவருக்கு இவ்வதிகாரத்தை அளித்தவர் யார்?’ என்று நம்மில் கேட்டவர் எத்தனை பேர்? கேளாமைக்குக் காரணம் அவரிடம் நமக்குள்ள மதிப்பன்று; காக்கியைக் கண்டவுடன் கைகட்டி நிற்கும் பழைய வழக்கமே. 1947-இல் கொடி மாறியது, இவ்வழக்கம் மாறவில்லை. ஆகவே தனியார் காவற்காரரின் அதிகாரம் யாது, அதன் எல்லை எங்குளது என்பதைச் சட்டத்தைக் கொண்டே ஆராய விரும்புகின்றோம்.

காவற்காரர்களை அமர்த்தித் தரும் ஏஜென்ஸிகளைக் கட்டுப்படுத்துவதற்காக, 2005-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. லைசென்ஸின்றி இத்தொழிலை நடத்தலாகாது. காவற்காரர் பதினெட்டு வயது நிரம்பியவராயும் அறுபத்தைந்தை எட்டாதவராயும் இருத்தல் வேண்டும். அவருடைய நடத்தை விசாரிக்கப்பட வேண்டும். பயிற்சி அளிக்கப்பட வேண்டும். புகைப்பட அட்டை தரப்பட வேண்டும் என்பன அதன் ஷரத்துக்கள். ஆனால் கைது செய்யவோ, சோதனையிடவோ, விசாரிக்கவோ காவற்காரருக்கு அதிகாரமளிக்கும் வாசகம் அச்சட்டம் முழுவதையும் தேடினும் கிடையாது. தனியார் பாதுகாப்பு என்பதற்கு அச்சட்டம் கூறும் இலக்கணமே, பொது ஊழியரல்லாத ஒருவர் அளிக்கும் பாதுகாப்பு என்பதுதான். அம்மட்டோ! இராணுவத்தாரின் அல்லது போலீஸாரின் உடையை, அல்லது அதுபோலத் தோன்றும் உடையைக் காவற்காரர் அணிவாராயின், அவருக்கும் ஏஜென்ஸியின் சொந்தக்காரருக்கும் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 21-ஆவது பிரிவு கூறுகின்றது. சீருடை அதிகாரத்தைத் தரவில்லை என்பது மட்டுமன்று. அதிகாரமுடையவர்போல் தோன்றுவதையே சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது.

அங்ஙனமாயின் அவருக்குள்ள அதிகாரந்தான் யாது? தெருவிற் செல்லும் உமக்கும் எமக்கும் உள்ளது எதுவோ, அதுவே, அணுவளவும் மிகுதியில்லை. தனி மனிதன் ஒருவன் குற்றவாளியைப் பிடிக்கும் உரிமை 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவிலும், 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 43-ஆவது பிரிவிலும் இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 40-ஆவது பிரிவாக அமைந்துள்ளது. அதன்படி, விளம்பரம் செய்யப்பட்ட குற்றவாளியை எவரும் பிடிக்கலாம். மற்றவர் விஷயத்தில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. குற்றம் ஜாமீனில் விடத்தகாததாய் இருத்தல் வேண்டும். போலீஸார் வாரண்டின்றிப் பிடிக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். அது பிடிப்பவருடைய முன்னிலையிலேயே நிகழ்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பிடிக்கும் உரிமை இல்லை. பிடித்தபின், அநாவசியமான தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய அங்காடியினின்றும் ஒரு பெண்மணி வெளிவருகின்றார். வாயிலிலுள்ள கருவி ஒலிக்கின்றது. காவற்காரர் அவருடைய கையைப் பற்றுகின்றார். பையைப் பறித்துக் கொட்டுகின்றார். பின்னறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்துகின்றார். அங்கே மானேஜர் வந்து, ‘திருடினேன்’ என்று எழுதிக் கையொப்பமிடச் செய்து, பொருளின் விலையைப்போற் பன்மடங்கு பணம் கேட்கின்றார். இவ்வைந்து செயல்களையும் ஒவ்வொன்றாகச் சட்டத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, கையைப் பற்றியது. கருவி ஒலித்தது என்பது குற்றம் கண்ணெதிரே நிகழ்ந்ததாகாது. பணம் பெற்றுக்கொண்ட சிப்பந்தி பொருளிலுள்ள வில்லையை அகற்ற மறந்திருக்கலாம். நியாயமான சந்தேகத்தின்பேரில் ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம், அதுவும் பல கட்டுப்பாடுகளுடன், போலீஸாருக்கே உண்டு. தனி மனிதனுக்கு இல்லை. ஏழு வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றங்களில், அவசியமுண்டா என்று ஆராயாமல் போலீஸாரும் இயந்திரம்போற் கைது செய்தலாகாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துக் கூறியிருக்கின்றது. போலீஸாருக்கே இத்தகைய கட்டுப்பாடு இருக்க, வாயிற்காவலர் சந்தேகத்தின்பேரில் ஒரு பிரஜையின் கையைப் பிடிப்பது எவ்வகையில் நியாயம்?

பொருளின் விலையையும் கவனிக்க வேண்டும். புதிய தண்டனைச் சட்டமாகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடியவர் பொருளையோ அதன் விலையையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமூகசேவையையே தண்டனையாக விதிக்கின்றது. நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை இதனை ஜாமீனில் விடத்தக்கதும், போலீஸாரே வாரண்டின்றிப் பிடிக்கத் தகாததுமான குற்றமாக வகுத்துள்ளது. இத்தகைய குற்றத்தில் தனி மனிதனின் கைது உரிமைக்கு இடமேது? ஆனால் பொருள்களைக் காத்துவைக்கும் கட்டடத்தினுள் நிகழும் திருட்டுக்கு 305-ஆவது பிரிவு வேறு, அங்கே தண்டனையும் கடுமை, கைதும் செய்யலாம். ஓர் அங்காடி எந்தப் பிரிவில் அடங்கும் என்று வக்கீல்கள் இருபுறமும் வாதிக்க இடமுண்டு. வக்கீல்கள் வாதிக்கும் விஷயத்தை, வாயிலில் நிற்கும் எளிய மனிதர் ஒரு நொடியில் தீர்மானித்து ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவரை என்னென்பது?

இரண்டாவது, பையைச் சோதித்தது. கைது முறைப்படியே நடந்தது என்று கொண்டாலும், சோதனை முறையாகாது. தனி மனிதன் ஒருவனைப் பிடித்தவிடத்து, சோதனையிடும் அதிகாரம் பிடித்தவனுக்கன்று, யாரிடம் ஒப்படைக்கின்றானோ அந்தப் போலீஸ் உத்தியோகஸ்தருக்கே என்பது நடைமுறைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு. பெண்ணாயின் அச்சோதனையைப் பெண்ணே, மரியாதை வழுவாமல் செய்தல் வேண்டும். பிடித்தவன் செய்யத்தக்கது, பிடிபட்டவனிடம் ஆயுதமிருந்தால் அதை வாங்கிக்கொள்வது மட்டுமே. ‘உள்ளே வருவோரின் பையைப் பார்க்கின்றார்களே, அது எவ்வாறு?’ என்று சிலர் வினவலாம். அது நம்முடைய சம்மதத்தின்பேரில் நடப்பது. இடத்துக்குச் சொந்தக்காரர் தம் இடத்தில் நுழைவதற்கு நிபந்தனை விதிக்கலாம். நாம் அதை ஏற்று உள்ளே செல்லலாம், மறுத்துத் திரும்பியும் செல்லலாம். நிபந்தனைக்கு இணங்காதவரை உள்ளே விடாதிருக்கக் காவற்காரருக்கு உரிமையுண்டு. பலவந்தமாய்ப் பையைப் பறிக்க உரிமையில்லை.

மூன்றாவது, அறையில் அடைத்தது. ஒருவரை அவர் போக உரிமையுள்ள திசையிற் போகாதபடி தடுப்பது தண்டனைச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி குற்றம். ஓர் எல்லைக்குள் அடைப்பது 127-ஆவது பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். பூட்டுப் போட வேண்டியதில்லை. வெளியே போகவிடாமல் வாயிலில் ஆள் நிறுத்தினாலே போதும். சட்டத்தில் ஆறு மணி நேரம் என்றிருப்பதைக் கண்டு, அதுவரை அடைத்துவைக்க லைசென்ஸ் கிடைத்ததாகச் சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. முறையாகப் பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீஸாரிடம் சேர்க்க வேண்டும் என்பதே விதி; ஆறு மணி நேரம் அதன் கடைசி எல்லை. முறையின்றிப் பிடித்தவருக்கு ஆறு நிமிஷமும் கிடையாது.

நான்காவதும் ஐந்தாவதும் மிகக் கொடியவை. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவோ, பொருளைத் திரும்பப் பெறவோ ஒருவரை அடைத்துவைத்தால் மூன்று வருஷம் வரையும், அதற்காக அடித்தால் ஏழு வருஷம் வரையும் தண்டனையுண்டு. ‘போலீஸுக்குச் சொல்வேன், படத்தை ஊரெங்கும் பரப்புவேன்’ என்று அச்சுறுத்தி, உரிமையில்லாத பணத்தைப் பறித்தால் அது 308-ஆவது பிரிவிலடங்கும் பணப்பறிப்பு. அதற்கும் ஏழு வருஷம் வரை தண்டனை. மூன்று வருஷத் தண்டனைக்குரிய திருட்டைக் கண்டுபிடிக்கப் புகுந்தவர், ஏழு வருஷத் தண்டனைக்குரிய குற்றத்தைத் தாமே செய்து முடிக்கின்றார்! அப்பெண்மணி உண்மையிலே திருடியிருந்தாலும் இந்நியாயம் மாறாது. குற்றவாளிக்கும் சட்டம் உண்டு என்பதே நாகரிக அரசாட்சியின் இலக்கணம்.

பாங்கி வாயிலிலும் பணவண்டியிலும் துப்பாக்கியுடன் நிற்கும் காவற்காரருக்கும் நிலை இதுவே. ஏஜென்ஸியின் லைசென்ஸ் துப்பாக்கிக்கு லைசென்ஸ் ஆகாது. அதற்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி வேறு உத்தரவு வேண்டும். துப்பாக்கி கையிலிருப்பதனாற் சுடும் உரிமை வந்துவிடாது. எவருக்கும் உள்ள தற்காப்புரிமையே அவருக்கும் உரியது. உயிரையும் உடலையும், தம்முடையதும் பிறருடையதுமான சொத்தையும் காக்க அவசியமான அளவுக்கே பலத்தைப் பிரயோகிக்கலாம். கொள்ளை, இரவிற் கன்னமிடுதல், தீவைத்தல் போன்ற சில கொடிய சமயங்களில் மட்டுமே, சொத்தைக் காக்கும் உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கு நீளும். பொருளை எறிந்துவிட்டு ஓடுபவன் முதுகிற் சுடுபவர் காவற்காரரல்லர். கொலைக் குற்றத்துக்கு ஜவாப் சொல்ல வேண்டியவர்.

வியாபாரிகளின் கட்சியையும் நாம் கேளாமலிருத்தல் நேர்மையன்று. ‘திருட்டினால் எமக்கு நஷ்டம், போலீஸார் வருவதற்குள் திருடன் போய்விடுவான், காவற்காரரின் கைகளைக் கட்டிவிட்டால் நாங்கள் என் செய்வது?’ என்பர். கைகள் கட்டப்படவில்லை என்பதே நம் பதில். கண்ணெதிரே நகையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனைத் துரத்திப் பிடிக்கலாம், பொருளை மீட்கலாம், பொருள் மீட்கப்படும் வரையிலோ, திருடன் தப்பிப்போகும் வரையிலோ தற்காப்புரிமை நீடிக்கின்றது. சந்தேகத்துக்கிடமானவரை மரியாதையுடன் ரசீது காட்டும்படி கேட்கலாம். காமிராவிற் பதிவான படத்தைப் போலீஸாரிடம் கொடுக்கலாம். 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். மறுக்கப்பட்டவை மூன்றே: சந்தேகத்தைத் தீர்ப்பாக்குவது, சோதனையைப் பலவந்தமாக்குவது, பின்னறையைக் கோர்ட்டாக்குவது. இம்மூன்றுமின்றி வியாபாரம் நடவாது என்று யோக்கியமான எவ்வியாபாரியும் கூறமாட்டார்.

மேலும், இக்கெடுபிடிகள் யார்மீது விழுகின்றன என்பதை நோக்க வேண்டும். மோட்டார் வண்டியில் வந்திறங்கும் தனவந்தருக்குக் காவற்காரர் சலாம் செய்கின்றார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் பெண்களின் பையையோ, மாலையில் வீடு திரும்பும்போது திறந்து பார்க்கின்றார்கள். உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞனை வெயிலில் நிறுத்துகின்றார்கள். சிலவிடங்களில் பொதுத் தெருவின் குறுக்கே கதவிட்டு, போவோர் வருவோரை ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கவும் துணிகின்றனர். பொதுவீதி எந்தச் சங்கத்துக்கும் சொந்தமன்று. அதை மறிப்பது குற்றம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சில தெருக்களில் ஒதுங்கி நடக்குமாறு ஒரு காலத்தில் நம்மவரிற் பலர் கட்டாயப்படுத்தப்பட்டனர். அக்கொடுமை வேறொரு வேஷத்தில், சீருடையின் துணைகொண்டு மறுபடியும் நுழைவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?

தனியார் காவல் நம் நாட்டுக்குப் புதிதன்று. கும்பினியார் ஆட்சிக்கு முன் தென்பாண்டி நாட்டுக் கிராமங்களிற் காவல் முறை இருந்தது. ஊரார் காவற்கூலி கொடுத்தனர். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தருவதும், இயலாவிடில் ஈடு செய்வதும் காவற்காரரின் கடமை. அம்முறையிற் கொடுமைகளும் மலிந்தன. கூலி கொடாதவனுடைய மாடு களவு போவதும், ‘துப்புக்கூலி’ கொடுத்து அதை மீட்பதும் உண்டு. பின்னர் 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னை மாகாணத்துக்கு ஒரே போலீஸ் அமைந்தது. அன்னியர் அமைத்த அப்போலீஸ் நம்மவர்க்கு இழைத்த துன்பம் சிறிதன்று. எனினும், ஒருவரைப் பிடிக்கும் பலம் சட்டத்துக்கு ஜவாப் சொல்லும் கைகளிலேயே இருக்க வேண்டும் என்ற தத்துவம் சரியானதே. இன்று அப்பலம் மறுபடியும் கூலிக்குக் கிடைக்கும் பொருளாகி வருகின்றது. பழைய காவற்காரருக்கிருந்த ஈடு செய்யும் பொறுப்போ இன்றைய ஏஜென்ஸிக்காரருக்கு நினைவிலும் இல்லை.

இத்தனையும் கூறுவது காவற்காரரைப் பழிப்பதற்கன்று. அவர் யார்? மழை பொய்த்த ஊரைவிட்டுப் பட்டணம் வந்த விவசாயி. ஆலை மூடியதால் வேலையிழந்த முதியவர். பீஹாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் பாஷை தெரியாமல் நிற்கும் இளைஞர். பன்னிரண்டு மணி நேரம் நிற்பதும், கூலியில் ஒரு பகுதியை ஏஜென்ஸிக்கு இழப்பதும் அவர்களிற் பலருடைய விதி. மத்திய அரசாங்கத்தின் மாதிரி விதிகளின்படி அவருக்கு நூறு மணி நேரம் பாடமும், அறுபது மணி நேரம் களப்பயிற்சியும் அளிக்க வேண்டும். அப்பாடத்தில் தண்டனைச் சட்டமும் தற்காப்புரிமையும் அடங்கும். வாயிலில் நிற்கும் எத்தனை பேர் இப்பாடத்தைக் கேட்டவர் என்பதை நேயர்களே விசாரித்தறியலாம். முதலாளி சொன்னதைச் செய்கின்றார். வழக்கு வந்தாலோ, ‘அவன் எங்கள் ஆள் அல்லன், ஏஜென்ஸி ஆள்’ என்று முதலாளி கைகழுவுகின்றார். ஏஜென்ஸியோ அவரை வேலையினின்றும் நீக்கிவிடுகின்றது. எஞ்சுவது ஜெயில் வாயில் ஒன்றுதான். சட்டத்தின் எல்லையை அறிவது பிரஜைகளைக் காட்டிலும் அவருக்கே முதற்கண் தற்காப்பாகும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, காவற்காரர் நிற்கும் ஒவ்வொரு வாயிலிலும், அவர் எதைக் கேட்கலாம், எதைச் செய்யலாகாது என்பதை எளிய தமிழில் எழுதிப் பலகையிற் பொருத்தும்படி அரசாங்கத்தார் விதி செய்ய வேண்டும். இரண்டாவது, பயிற்சியைக் காகிதத்திற் காட்டாமல் உண்மையாகவே நடத்தச் செய்து, சட்டப் பகுதியைக் காவற்காரரின் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, சட்ட விரோதமாக அடைத்துவைத்த வழக்குகளிற் காவற்காரரோடு நில்லாமல், உத்தரவிட்டவர்மீதும் போலீஸார் வழக்குத் தொடர வேண்டும். தூண்டியவரும் குற்றவாளியே என்பது சட்டத்தின் பால பாடம். ஏஜென்ஸியின் லைசென்ஸை ரத்துச் செய்யும் அதிகாரம் 2005-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கின்றது. அதை உபயோகிக்க வேண்டும். நான்காவது, மஹாராஷ்டிரத்தார் 1981-லேயே காவற்காரரின் வேலைக்கும் க்ஷேமத்துக்குமாகத் தனிச்சட்டம் இயற்றிப் போர்டு அமைக்க வழிசெய்தனர். இத்துறையில் நாடு முழுவதும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். வயிறு நிறைந்த காவற்காரரே முதலாளியின் தகாத உத்தரவை மறுக்கத் துணிவார்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தேசத் தொண்டர்களும் தொழிற்சங்கத்தாரும் இவ்விஷயத்தைக் கிராமந்தோறும் பேட்டைதோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். எவரேனும் தடுக்கப்பட்டால், கோபமின்றி, கை ஓங்காமல், ‘ஐயா, எந்தச் சட்டத்தின்படி என்னை நிறுத்துகின்றீர்? போலீஸாரை அழையும், அதுவரை உமது அட்டையைக் காட்டும்’ என்று கேட்கட்டும். அருகில் நிற்பவர் வேடிக்கை பாராமல் அவருக்குச் சாட்சியாக நிற்கட்டும். அரசியல் சாஸனத்தின் 21-ஆவது ஷரத்து உயிருக்கும் உடற்சுதந்திரத்துக்கும் அளிக்கும் காப்பு, டில்லியில் மட்டும் காப்பாற்றப்படுவதன்று. கடை வாயிலிலும் காப்பாற்றப்பட வேண்டியது. அன்னிய அரசாங்கத்தின் சிப்பாயிடம் பணியோம் என்று சபதம் செய்த ஜாதி, கூலிக்கு அமர்த்தப்பட்ட சீருடையிடம் தன் உரிமையைத் தானே ஒப்படைக்குமாயின், அது யார் குற்றம்?